ரெண்டு விரல் ஜாங்கோ

கிடார் கத்துக்க ஆரம்பித்த எல்லாருக்கும் ஒரு எஃப் கார்டு கதை இருக்கும். முதல் மாசம் ஈ மைனர், ஏ மைனர், ஜி, சி எல்லாம் ஓரளவுக்கு வந்துவிடும். ரெண்டு பாட்டுகூட ஒப்பேற்றிவிடலாம். அப்புறம் எஃப் வரும். ஆள்காட்டி விரலை ஆறு கம்பி மேலயும் படுக்க வெச்சு அமுக்கணும். சத்தம் வராது, வலி மட்டும் வரும். கொஞ்ச நாள் முட்டிப் பார்த்துவிட்டு, என் விரல் சின்னது, எனக்கு இது செட் ஆகாது என்று நிறைய பேர் கிடாரை அலமாரி மேல் ஏற்றிவிடுவார்கள். எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும் ஃப்ளோருக்கு ஒரு கிடார் அப்படித் தூசி படிந்து கிடக்கும்.

விரல் பத்தவில்லை என்று சொல்ல நம்ம எல்லாரையும் விட அதிக உரிமை இருந்த ஒருத்தர் உண்டு. பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஐரோப்பாவிலிருந்து வந்த முதல் பெரிய ஜாஸ் இசைக்கலைஞர் என்று இவரைத்தான் பலரும் சொல்வார்கள். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற தன்னம்பிக்கைக் கதைகளில் இவர் கதை ரெண்டு வரியில் முடிந்துவிடும்: விபத்து நடந்தது, விடாமல் முயற்சி செய்தார், ஜெயித்தார். நடுவில் அவர் என்னதான் செய்தார் என்று யாரும் சொல்வதில்லை. நமக்கு உபயோகமான பகுதியே அந்த நடுப்பகுதிதான்.

வண்டி வீட்டுப் பையன்

1910 ஜனவரி 23. பெல்ஜியத்தில் லிபெர்ஷி என்கிற சின்ன ஊர். அங்கே முகாம் போட்டிருந்த மானூஷ் குடும்பம் ஒன்றில் ஜாங்கோ பிறந்தார். மானூஷ் என்பது ரோமா மக்களில் ஒரு பிரிவு. குதிரை இழுக்கிற வண்டியே அவர்களுக்கு வீடு. ஊர் ஊராகப் போய், பாட்டும் வாத்தியமும் கைத்தொழிலுமாகப் பிழைப்பார்கள். மற்றவர்கள் அவர்களை ஜிப்சி என்று கூப்பிட்டு ஒரு அடி தள்ளியே நிற்பார்கள். குடும்பம் கொஞ்ச வருஷத்தில் பாரிஸ் நகரத்தின் ஓரத்தில் இருந்த முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வளர்ந்த பிறகும் எழுதப் படிக்கத் திணறியவர் அவர். இசைக் குறிப்புகளையும் கடைசி வரைக்கும் படிக்கத் தெரியாது.

12 வயது வாக்கில் கையில் ஒரு பாஞ்சோ கிடார் வந்தது. உடம்பு பாஞ்சோ மாதிரி, கழுத்தும் கம்பிகளும் கிடார் மாதிரி இருக்கிற வாத்தியம் அது. வாத்தியார் யாரும் இல்லை. முகாமில் வாசிக்கிற பெரியவர்களின் விரல்களைப் பார்த்து, அதைத் தன் கையில் போட்டுப் பார்த்துக் கத்துக்கொண்டார். டீன் ஏஜிலேயே பாரிஸின் நடன அரங்குகளில் அக்கார்டியன் வாசிப்பவர்களுக்குப் பக்க வாத்தியமாக வாசித்துச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். மைக், ஆம்ப்ளிஃபையர் எதுவும் இல்லாத காலம். அக்கார்டியன் சத்தத்தையும் ஆடுகிறவர்களின் கால் சத்தத்தையும் தாண்டிக் கேட்கணும். அதனால் கம்பியை மீட்டுகிற வலது கை இரும்பு மாதிரி ஆனது. இந்த வலது கையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1928இல் முதல் தடவையாக இசைத்தட்டுக்கு வாசித்தார். தட்டின் லேபிளில் அவர் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்ல அவருக்கு எழுத்து தெரியாது. அதே வருஷம் இங்கிலாந்தின் பெரிய இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் இவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, தன் குழுவில் சேரக் கூப்பிட்டார். அப்போது ஜாங்கோவுக்கு வயது 18. நம்ம பாஷையில் சொன்னால், ஃபர்ஸ்ட் இயர்லயே ட்ரீம் ஆஃபர்.

தீ

அந்த ஆஃபர் லெட்டருக்கு ஜாயினிங் டேட் வரவே இல்லை. 1928ஆம் வருஷக் கடைசியில் ஒரு ராத்திரி, வேலை முடிந்து தன் வண்டி வீட்டுக்குத் திரும்பினார். மனைவி பெல்லா விற்பனைக்காக செல்லுலாய்ட் பூக்கள் செய்து வைத்திருந்தார். வண்டி முழுக்கப் பூ. செல்லுலாய்டைப் பற்றிக் கெமிஸ்ட்ரி லேபில் கேள்விப்பட்டிருப்பீர்கள். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது, பட்டென்று பற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்தி நெருப்பு ஒரு பூவில் பட்டது. அவ்ளோதான், சில நொடிகளில் வண்டி முழுக்கத் தீ.

ஒரு போர்வையை மேலே போர்த்திக்கொண்டு ஜாங்கோ வெளியே வந்தார். பெல்லாவும் உயிர் பிழைத்தார். ஆனால் ஜாங்கோவின் வலது காலும் இடது கையும் மோசமாக வெந்துபோயிருந்தன. காலை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கால் தப்பித்தது, நாளடைவில் கைத்தடியோடு நடக்க முடிந்தது. இடது கைதான் பிரச்சினை. மோதிர விரலும் சுண்டு விரலும் தசைநார் சுருங்கி உள்பக்கமாக மடங்கிவிட்டன. பழையபடி நீட்டவோ விரிக்கவோ முடியாது.

கிடாரில் கம்பிகளை அமுக்குகிற கை இடது கைதான். கட்டைவிரல் பின்னால் தாங்கிக்கொள்ளும், மீதி நாலு விரலும் வேலை செய்யும். நாலில் ரெண்டு போய்விட்டது. இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. புதுசாகக் கத்துக்கிறவனுக்குத் தன்னால் எது முடியாது என்று தெரியாது. ஜாங்கோவுக்கு நாலு விரலில் எப்படி இருக்கும் என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். தெரிந்த ஒவ்வொரு கார்டும், ஒவ்வொரு ஓட்டமும் இப்போது உடைந்து வரும். மனசுக்குள் கேட்கிற பாட்டு வேறு, கையிலிருந்து வருகிற சத்தம் வேறு.

ஒன்றரை வருஷம்

சிகிச்சையும் தேறுவதுமாக ஏறக்குறைய ஒன்றரை வருஷம் போனது. அந்த நாட்களில் தம்பி ஜோசஃப் அவருக்கு ஒரு கிடாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜோசஃபும் கிடார் வாசிப்பவர்தான். பெரிய உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை. கிடார் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதுவே பாதி வேலை.

அவர் என்ன செய்தார் என்பது பிற்பாடு அவர் வாசித்த வாசிப்பிலேயே தெரிகிறது. பழைய வழியில் இன்னும் பலமாக முயற்சி செய்வதை விட்டுவிட்டார். இருப்பதை வைத்துக் கையின் வேலையை முழுசாக ரீடிசைன் பண்ணினார்.

முதலில், வேகமான மெட்டுகள். வழக்கமாக நாலு விரலும் கிடார் கழுத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கம்பியாகக் குறுக்கே போய் ஸ்வரங்களைப் பிடிக்கும். ரெண்டு விரலுக்கு அது கட்டுப்படி ஆகாது. அதனால் ஜாங்கோ திசையை மாற்றினார். ஆள்காட்டி விரலும் நடு விரலும் கழுத்தின் நீளவாக்கில் மேலும் கீழும் ஓட ஆரம்பித்தன. ஒரு கம்பியில் ஒன்றிரண்டு ஸ்வரம், உடனே கை நகர்ந்து அடுத்த கம்பி. ஸ்கேலை வரிசையாக ஏறுவதைவிட கார்டின் ஸ்வரங்களை உடைத்து வாசிக்கிற ஆர்பெஜியோ இந்த நகர்வுக்கு நன்றாகப் பொருந்தியது. அவர் சோலோக்களில் ஆர்பெஜியோ நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே விரலை ஒரு கம்பியிலேயே வழுக்கவிட்டு, எல்லா ஸ்வரங்களையும் தொட்டுக்கொண்டு விர்ரென்று ஏறுகிற ஓட்டமும் அவருடைய அடையாளம் ஆனது.

ரெண்டாவது, கார்டுகள். மடங்கிய ரெண்டு விரல்களும் தனித்தனியாக அசையாது. ஆனால் கீழ்ப்பக்கம் இருக்கிற முதல் ரெண்டு கம்பிகள் மேல் அவற்றைச் சாய்த்து வைக்க முடிந்தது. சோலோவில் உதவாத விரல்கள் கார்டில் அந்த அளவுக்கு உதவின. ஆறு கம்பியும் நிறையப் பிடிக்க முடியாத இடத்தில் மூன்று, நாலு ஸ்வரம் உள்ள சின்னக் கார்டு வடிவங்களை எடுத்துக்கொண்டார். தடித்த கம்பிகளுக்கு, கழுத்தைச் சுற்றி மேலே வருகிற கட்டைவிரலையும் பயன்படுத்தினார்.

மூன்றாவது, அந்த வலது கை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நடன அரங்குகளில் முறுக்கேறிய கை அப்படியே இருந்தது. இடது கையில் குறைந்ததை வலது கையின் தாளமும் அழுத்தமும் பெருமளவுக்கு ஈடுகட்டின.

ஒரு மெஷின் ஃபெயில் ஆனால் நாம் முதலில் என்ன செய்வோம்? எது போச்சு, எது இன்னும் ஓடுகிறது என்று லிஸ்ட் போடுவோம். ஜாங்கோ செய்ததும் அதுதான். என்ன, அவர் லிஸ்ட் போட்டது தன் உடம்பில்.

பாட்டு கேட்டது, கூட்டாளி கிடைத்தது

கை திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பெல்லாவும் அவரும் பிரிந்துவிட்டார்கள். ஜாக் ஹில்டன் வாய்ப்பு எப்போதோ போய்விட்டது. அப்புறம் உறவுக்காரப் பெண்ணான நாகீனும் அவரும் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள். பிரான்ஸின் தெற்குக் கடற்கரைப் பக்கம் போய், காஃபேக்களிலும் தெருவிலும் வாசித்துப் பிழைத்தார். அங்கே டூலோன் நகரத்தில் எமீல் சாவிட்ரி என்கிற ஓவியர் தன்னிடம் இருந்த அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். அதில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் இருந்தது. அதைக் கேட்ட ஜாங்கோ அப்படியே ஆடிப்போய்விட்டார். கையில் புது டெக்னிக் இருந்தது, அதை வைத்து எதை வாசிப்பது என்பதற்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

1934இல் பாரிஸின் கிளாரிட்ஜ் ஹோட்டலில் லூயி வோலாவின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். வயலின் ஸ்டெஃபான் கிராப்பெல்லி. குழுவுக்கு இடைவேளை விடும்போது ரெண்டு பேரும் திரைக்குப் பின்னால் தங்களுக்காக வாசிக்க ஆரம்பித்தார்கள். ஜோசஃபும் சேர்ந்தார், வோலாவே டபுள் பேஸோடு வந்து சேர்ந்தார், ரோஜே ஷாப்யூ இன்னொரு கிடார். ஹாட் கிளப் என்கிற பாரிஸ் ஜாஸ் ரசிகர் மன்றம் இவர்களைத் தூக்கிப் பிடித்தது. அப்படி உருவானதுதான் ஹாட் கிளப் குயின்டெட். ஒரு வயலின், மூன்று கிடார், ஒரு பேஸ். டிரம்ஸ் கிடையாது, ஊதுகிற வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு ஜாஸில் இது கேள்விப்படாத விஷயம். தாளம் முழுக்க கிடார்களின் வலது கையிலும் பேஸிலும்தான் ஓடியது. கிடாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்த குழு இது. ரெண்டு விரலால் சோலோ வாசிக்கிறவர் அதன் ஹீரோ. 1934 டிசம்பரில் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார்கள். சில வருஷங்களில் ஐரோப்பா முழுக்கப் பேர் பரவியது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஜாங்கோ ஒழுங்குக்கு உதாரணம் கிடையாது. சூதாட்டத்தில் பணத்தை விடுவார், நிகழ்ச்சிக்கு வராமல் போவார், திடீரென்று காணாமல் போய்விடுவார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து மேடை ஏற்றுவது மற்றவர்களின் தனி வேலை. கிராப்பெல்லிக்கும் அவருக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். ஆனாலும் சேர்ந்து வாசிக்க உட்கார்ந்தால் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மேலே தள்ளிக்கொண்டே போவார்கள்.

இறங்கினதும் ஏறினதும்

1939இல் குயின்டெட் இங்கிலாந்தில் இருந்தபோது இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். அடுத்த வருஷம் நாஜிப் படைகள் பாரிஸைப் பிடித்தன. ரோமா மக்களை லட்சக்கணக்கில் கொன்ற ஆட்சி அது. ஜாஸையும் அவர்களுக்குப் பிடிக்காது. ஒரு ரோமா ஜாஸ் கலைஞர் அந்த நகரத்தில் மேடை ஏறுவது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். கிராப்பெல்லி இல்லாத குறைக்கு ஊபேர் ரோஸ்டைங் என்கிற இளம் கிளாரினெட் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து வாசித்தார். 1940இல் பதிவு செய்த நுவாஜ் என்கிற அவருடைய சொந்த மெட்டு பாரிஸ் முழுக்கப் பரவியது. தலைப்புக்கு அர்த்தம் மேகங்கள். 1943இல் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிக்கப் பார்த்தார், முடியவில்லை. திரும்பி வந்தார், உயிரோடு போரைக் கடந்தார்.

1946இல் டியூக் எலிங்டன் குழுவோடு அமெரிக்கப் பயணம். ஜாஸ் பிறந்த நாட்டுக்கே போகிறோம் என்று பெரிய கனவு. சொந்த கிடாரைக்கூட எடுத்துப்போகவில்லை, அங்கே கம்பெனிகள் போட்டி போட்டுக் கொடுக்கும் என்று நினைத்தார். யாரும் கொடுக்கவில்லை. பழக்கமில்லாத எலக்ட்ரிக் கிடாரில் வாசிக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ரெண்டாம் நாள் நிகழ்ச்சிக்கு ரொம்ப லேட்டாக வந்து சேர்ந்தார். நினைத்த மாதிரி எதுவும் நடக்காமல் அடுத்த வருஷம் ஊர் திரும்பினார்.

அதற்கப்புறம் கிடார் மேல் ஆர்வமே விட்டுப்போன காலங்கள் வந்தன. ஓவியம் வரைந்தார், மீன் பிடித்தார், பில்லியர்ட்ஸ் ஆடினார். தீயில் வெந்து எழுந்து வந்த அதே ஆளுக்குத்தான் இப்படி. ஒரு தடவை ஜெயித்துவிட்டால் மோட்டிவேஷன் ஆயுசுக்கும் தீராது என்பதெல்லாம் சும்மா.

திரும்ப இழுத்து வந்தது எது? புது இசைதான். அமெரிக்காவில் இளைஞர்கள் உருவாக்கிய பீபாப் என்கிற வேகமான, சிக்கலான ஜாஸ் பாரிஸுக்கும் வந்திருந்தது. 1951இல் தன்னைவிட ரொம்பச் சின்ன வயசுக் கலைஞர்களோடு பாரிஸின் கிளப் சாங் ஷெர்மானில் உட்கார்ந்து வாசித்தார். அமெரிக்காவில் சங்கடப்படுத்திய எலக்ட்ரிக் கிடாரையும் இப்போது தன் வசத்துக்குக் கொண்டுவந்திருந்தார். 40 வயதைத் தாண்டி மறுபடியும் ஸ்டூடன்ட். அந்தக் கடைசிப் பதிவுகளில் 1934இன் ஜாங்கோவைத் தேடினால் கிடைக்கமாட்டார், வேறொரு ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

அதே 1951இல் சென் நதிக்கரையில் சாமுவா என்கிற ஊரில் வீடு எடுத்துக் குடியேறியிருந்தார். 1953 மே 16 அன்று, பாரிஸில் வாசித்துவிட்டு ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்கு நடந்து போனவர், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுச் சுருண்டு விழுந்தார். அன்றே இறந்துபோனார். வயது 43. அவர் நினைவாக நடக்கிற இசை விழாவுக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க இருந்து கிடார் கலைஞர்கள் வருகிறார்கள். பத்து விரலும் நல்லா இருக்கிறவர்கள், அந்த ரெண்டு விரல் ஓட்டத்தைக் கத்துக்கொள்ள வருஷக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன

ஜாங்கோவுக்குப் பிறகு நடந்த ஒரு விஷயம். 1960களின் நடுவில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், 17 வயது டோனி ஐயோமி ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலையின் கடைசி நாளில் மெஷினில் சிக்கி வலது கையின் ரெண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கக்காரர், கம்பியை அமுக்குகிற கை அதுதான். இனி கிடார் இல்லை என்று உட்கார்ந்தவரிடம் தொழிற்சாலை மேனேஜர் ஒரு ஜாங்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டி, வாசிக்கிறவருக்கு வேலை செய்வது ரெண்டு விரல்தான் என்று சொன்னார். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிற்பாடு சுருதியையே மூன்று செமிடோன் இறக்கினார். அந்தத் தடித்த, இருண்ட சத்தம்தான் பிளாக் சபாத். ஹெவி மெட்டலின் ஆரம்பம்.

சுருதி இறக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். மூன்று செமிடோன் இறக்கினால் இழுவிசை கிட்டத்தட்ட 29 சதவீதம் குறையும். ஒரு செமிடோன் இறக்கினாலே சுமார் 11 சதவீதம். அமுக்குகிற விரலுக்கு அது பெரிய வித்தியாசம். அந்த ஃபார்முலாவை எக்ஸாமுக்கு எழுதினோம், கிடாரில் போட்டுப் பார்க்கலாமே.

ஆக, அலமாரி மேல் இருக்கிற அந்தக் கிடார் விஷயத்துக்கு வருவோம். எஃப் வரவில்லை என்பது ரொம்பப் பொதுவான பிரச்சினை. அதை உடைக்கணும். கம்பி கழுத்திலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் தப்பு உங்கள் விரலில் இல்லை, வாத்தியக் கடையில் கொடுத்து உயரத்தைக் குறைக்கலாம். கம்பி தடிமனா? மெல்லிய செட் மாற்றலாம். விரல் ஃப்ரெட் கம்பியை ஒட்டி விழுகிறதா, தள்ளி விழுகிறதா? ஒட்டி வைத்தால் பாதி பலம் போதும். ஆறு கம்பியும் தேவையா? ஜாங்கோ மாதிரி சின்ன வடிவம் எடுங்கள். ஆள்காட்டி விரலை முதல் ரெண்டு கம்பியில் மட்டும் முதல் ஃப்ரெட்டில் படுக்க வைத்து, நடு விரல் மூன்றாம் கம்பி ரெண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் நாலாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட். மீதி ரெண்டு கம்பியை மீட்டாதீர்கள். அதுவும் எஃப்தான்.

பயிற்சிக்கு உட்காரும்போது முழுப் பாட்டையும் முதலிலிருந்து வாசித்து, தடுக்குகிற அதே இடத்தில் தடுக்கி, மறுபடி முதலுக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. தடுக்குகிற அந்த ரெண்டு கார்டு மாற்றத்தை மட்டும் எடுத்து, மெட்ரோனோமை மெதுவாக வைத்து, பத்து நிமிஷம். தப்பில்லாமல் வந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். தினமும் பத்து நிமிஷம் என்பது ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரத்தைவிட நல்லது. கிடாரை உறையில் போட்டு மேலே வைக்காமல் கட்டில் பக்கத்திலேயே சாய்த்து வையுங்கள், ஜோசஃப் செய்தது அதுதான்.

மோட்டிவேஷனைப் பொறுத்தவரை, அது வரட்டும் என்று காத்திருந்தவர் இல்லை ஜாங்கோ. அது விட்டுப்போகாத ஆளும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்பக் கொண்டுவந்தது வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று: தம்பி கொடுத்த கிடார், ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டு, திரைக்குப் பின்னால் ஒரு வயலின், தன்னைவிடச் சின்னப் பசங்களின் புது இசை. அதனால் ஆர்வம் செத்துவிட்டது என்று தோன்றும்போது உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். புதுசாக எதையாவது கேளுங்கள். பக்கத்து ரூமில் கஹோனோ கீபோர்டோ வாசிக்கிற ஒருத்தன் நிச்சயம் இருப்பான், அவன் கதவைத் தட்டுங்கள்.

இன்றைக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு நுவாஜ் கேட்டுப் பாருங்கள். மூன்று நிமிஷம் சொச்சம்தான். கேட்கும்போது எத்தனை விரல் என்று எண்ணத் தோன்றாது.